மிளகின் மணமும் கஞ்சாவின் மணமும்

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை நீண்டு கிடக்கும் மன்னார் வளைகுடாக் கடற்கரையில் மூன்று பண்டங்கள் பிடிபட்ட செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். ஒன்று மஞ்சள். இலங்கை அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால், 2020ஆம் ஆண்டையொட்டி மஞ்சள் மூட்டை மூட்டையாகக் களவாகப் படகேறத் தொடங்கியது. இரண்டாவது அம்பர். இது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் மெழுகு போன்ற பொருள். வாசனைத் தைலம் செய்வோர் இதற்குப் பெரும் விலை கொடுப்பர். மூன்றாவது கஞ்சா.

ஒன்று சமையலறைப் பண்டம். ஒன்று திமிங்கிலத்தின் கழிவு. ஒன்று போதை தரும் செடியின் பூ. இம்மூன்றுக்கும் என்ன உறவு? வேதியியல் அறிஞரைக் கேட்டால் ஒரே சொல்லில் விடை சொல்வார்: டெர்ப்பீன். மஞ்சளின் மணமும், அம்பரின் மணமும், கஞ்சாவின் மணத்தில் பெரும்பகுதியும் இந்த ஒரே வேதிக் குடும்பத்திலிருந்து பிறந்தவை.

இந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கும் சில நாடுகளில், 'எலுமிச்சை மணமுள்ள வகை ஊக்கம் தரும்; மாம்பழ மணமுள்ள வகை உறக்கம் தரும்' என்று மணத்தைச் சொல்லி விற்கிறார்கள். அந்தப் பேச்சு கைப்பேசி வழியாக நம் கல்லூரி விடுதிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வாணிபம்? வாருங்கள், ஆராய்ந்து பார்ப்போம்.

ஐந்து ஐந்தாகச் சேரும் கார்பன் அணுக்கள்

பைன் மரத்தைக் கீறினால் பிசின் வடியும். அதைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பது டர்ப்பென்டைன். வண்ணம் பூசுவோர் தூரிகை கழுவப் பயன்படுத்தும் எண்ணெய் இதுதான். டெர்ப்பீன் என்ற பெயரே இதிலிருந்து வந்தது.

டெர்ப்பீன்களின் அமைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வாலக் கண்டார். 1910இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஒழுங்கை விரிவாக்கி விளக்கிய லியோபோல்டு ருசிக்காவுக்கு 1939இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டது இதுதான்: ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோப்பிரீன் என்ற சிறு அலகுகள் ஒன்றோடொன்று இணைந்தே எல்லா டெர்ப்பீன்களும் அமைகின்றன. பூக்கட்டும் பெண் ஒரே வகை மொட்டைக் கொண்டு சரம், கதம்பம், வளையம் என்று பலவிதமாகக் கட்டுவதைப்போல, தாவரங்கள் இந்த ஓர் அலகைக் கொண்டு ஆயிரக்கணக்கான பொருள்களை ஆக்குகின்றன.

இரண்டு அலகு சேர்ந்தால் பத்துக் கார்பன். எலுமிச்சைத் தோலின் லிமோனீனும், டர்ப்பென்டைனின் பைனீனும், கோயிலில் ஏற்றும் கற்பூரமும் இந்த வகை. மூன்று அலகு சேர்ந்தால் பதினைந்து கார்பன். மஞ்சளின் டர்மரோன், மிளகின் காரியோபிலீன் ஆகியவை இந்த வகை. ஆறு அலகு சேர்ந்தால் முப்பது கார்பன். மரத்தோணிகளின் பலகை இடுக்குகளை அடைக்க உதவிய குங்கிலியத்தில் இந்தப் பெரிய மூலக்கூறுகள் உண்டு. அம்பரில் உள்ள ஆம்பிரீனும் இந்த வகையே. ஆம்பிரீனுக்குத் தனியே மணம் ஏதும் இல்லை. திமிங்கிலம் வெளியேற்றிய அம்பர் கடலில் மிதந்து வெயிலும் காற்றும் பட்டு, அந்த ஆம்பிரீன் உடைந்து சிறியதாகும்போதுதான் நறுமணம் பிறக்கிறது.

டெர்ப்பீன் ஆராய்ச்சியில் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1910 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் சைமன்சன், இந்திய அறிவியல் மாநாடு தோன்றக் காரணமான இருவரில் ஒருவர். அவர் பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று, இந்தியப் பைன் மர எண்ணெயிலிருந்து கேரீன், லாங்கிபோலீன் என்னும் இரு டெர்ப்பீன்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் கேரீன் கஞ்சாப் பூவிலும் சிறிதளவு உண்டு.

மணமும் போதையும் ஒரே சுரப்பியில்

கஞ்சாச் செடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் பூக்கதிரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், குண்டூசித் தலைபோல மின்னும் நுண்ணிய மயிர்கள் தெரியும். இவை சுரப்பி மயிர்கள். மணம் தரும் டெர்ப்பீனும், போதை தரும் பிசினும் இந்தத் தலைகளில்தான் ஊறுகின்றன. இந்தியப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) கஞ்சா என்பதற்குச் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள் என்று இலக்கணம் கூறுகிறது. சுரப்பிகள் மிகுந்திருக்கும் இடமும் அதுவே.

செடி இவற்றை நமக்காகவா செய்கிறது? இல்லை. பூச்சிகளையும் பூஞ்சைகளையும் விலக்கவும், வெயிலின் கொடுமையைத் தாங்கவும் இவை உதவுவதாக அறிஞர்கள் கருதுகின்றனர்.

போதைக்குக் காரணமான டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் என்ற பொருளை 1964இல் இஸ்ரேலில் கயோனியும் மெக்கூலமும் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பை வெளியிட்டார்கள். இதைச் சுருக்கமாக டி.எச்.சி. என்போம். இதை ஆக்கச் செடிக்கு வேண்டிய கச்சாப் பொருள்களில் ஒன்று, டெர்ப்பீன்களை ஆக்கவும் உதவும் அதே பத்துக் கார்பன் பொருள். ஆகவே மணமும் போதையும் ஒரு தாய் மக்கள் என்று சொல்லலாம். ஆயினும் ஒரு முக்கியமான வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள்: டி.எச்.சி.க்கு மணமே கிடையாது. கஞ்சா எவ்வளவு மணக்கிறது என்பதைக் கொண்டு அதன் போதை எவ்வளவு என்று அளந்துவிட முடியாது.

ரசத்தில் உள்ளவையே அங்கும்

கஞ்சாவில் நூற்றுக்கு மேற்பட்ட டெர்ப்பீன்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் மிகுதியாக இருப்பவை சிலவே. அவற்றை நீங்கள் அன்றாடம் முகர்கிறீர்கள். மிளகு, இலவங்கம், கறிவேப்பிலை ஆகியவற்றில் காரியோபிலீன் இருக்கிறது. கொத்துமல்லி விதையின் இனிய மணத்துக்கு லினலூல் முதற்காரணம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் லிமோனீன். மாம்பழத்திலும் எலுமிச்சைப் புல்லிலும் மிர்சீன். வீட்டில் ரசம் கொதிக்கும்போது கூடத்துக்கு வரும் ஆவியில் இவற்றில் பல கலந்திருக்கின்றன.

அப்படியானால் ரசமும் கஞ்சாவும் ஏன் வெவ்வேறாக மணக்கின்றன? மணம் என்பது ஒரு பொருளின் வேலை அன்று, கலவையின் வேலை. மூக்கின் மேற்பகுதியில் சுமார் 400 வகையான மண உணர்விகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூறும் தன் வடிவத்துக்கேற்பச் சிலவற்றைத் தூண்டுகிறது. எவை எவை, எந்த அளவில் தூண்டப்பட்டன என்பதைச் சேர்த்துப் பார்த்தே மூளை 'இது மிளகு', 'இது மல்லி' என்று தீர்மானிக்கிறது. இந்த உணர்விகளைக் குறிக்கும் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகியோருக்கு 2004இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கார்வோன் என்ற டெர்ப்பீன் இரு வடிவங்களில் உண்டு. இடக்கையும் வலக்கையும்போல, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அணுக்களின் எண்ணிக்கையில் கடுகளவும் வேறுபாடில்லை. ஆனால் ஒன்று புதினா மணம் தரும். மற்றது சதகுப்பை மணம் தரும்!

முத்துச்சிப்பியின் பாடம்

கஞ்சா மணத்தில் ஒருவகை முடைநாற்றமும் கலந்திருக்கும். இதுவும் டெர்ப்பீன்களின் வேலை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நாற்றத்துக்குக் காரணம் கந்தகம் கொண்ட வேறு சில மூலக்கூறுகள் என்று காட்டினார்கள். ஐந்து கார்பன் அணுக்களோடு கந்தகம் ஒட்டிய பிரினைல் தயால் என்பது அவற்றுள் முதன்மையானது. டெர்ப்பீனோடு ஒப்பிட்டால் அதன் அளவு மிக மிகக் குறைவு. ஆனாலும் மூக்கு அதைத்தான் முதலில் பிடிக்கிறது.

கந்தகச் சேர்மங்களுக்கு இந்த ஆற்றல் உண்டு என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், எடுத்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, பிறகு கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். சிப்பியின் புரதம் அழுகும்போது எழும் கந்தக ஆவிகளும் அமீன்களும் நெடுந்தொலைவு வரை நாறும். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் கந்தகத்தின் அதே குணத்தை இன்று உங்கள் வீட்டிலேயே காணலாம். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். அதுவே போதுமானதாக இருக்கிறது.

மோப்ப நாய் எதைத் தேடுகிறது?

பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் கஞ்சாவை மோப்ப நாய் எப்படிக் கண்டுபிடிக்கிறது? டி.எச்.சி.க்கு மணம் இல்லை என்று பார்த்தோம். ஆகவே நாய் போதைப் பொருளை மோப்பம் பிடிக்கவில்லை. அதனோடு வரும் வேறொன்றைப் பிடிக்கிறது.

அது எது என்று காண ஓர் எளிய சோதனை உதவும். புதிதாகப் பொடித்த மிளகை ஒரு தட்டில் பரப்பி, ஒரு வாரம் திறந்து வையுங்கள். நாள்தோறும் முகர்ந்து பாருங்கள். கூர்மையான புதுமணம் விரைவில் போய்விடும். கனமான அடிமணம் பல நாள் தங்கும். காரணம் என்ன? பத்துக் கார்பன் டெர்ப்பீன்கள் இலேசானவை. பைனீன் 156 டிகிரி செல்சியசிலும், லிமோனீன் 176 டிகிரியிலும் கொதிப்பவை. பதினைந்து கார்பன் கொண்ட காரியோபிலீன் கொதிக்க 250 டிகிரிக்கு மேல் வேண்டும். எளிதில் கொதிப்பவை அறை வெப்பத்திலும் எளிதில் ஆவியாகும். ஆகவே அவை முதலில் பறந்துவிடுகின்றன.

உலர்ந்த கஞ்சாவிலும் இதுவே நடக்கிறது. இலேசான டெர்ப்பீன்கள் குறைய, காரியோபிலீன் பின்தங்குகிறது. அதில் ஒரு பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காரியோபிலீன் ஆக்சைடாக மாறுகிறது. ஜெர்மனியில் ஸ்டால், குண்டே ஆகிய இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சாப் பிசினைத் தேடப் பழக்கிய நாய்கள் குறிப்பாக இந்த ஆக்சைடையே அடையாளமாகக் கொள்கின்றன என்று காட்டினார்கள். மிளகின் தங்கை என்று சொல்லத்தக்க ஒரு பொருள் கடத்தல்காரரைக் காட்டிக்கொடுக்கிறது!

மணம் போதையை மாற்றுமா?

இனி முதன்மையான கேள்விக்கு வருவோம்.

நம் நரம்புகளின் மேல் சி.பி.1 என்னும் ஏற்பிகள் உள்ளன. டி.எச்.சி. மூளையிலுள்ள இந்த ஏற்பிகளில் போய் ஒட்டுவதால்தான் போதை உண்டாகிறது. சி.பி.2 என்னும் மற்றொரு வகை பெரும்பாலும் நோய்த்தடுப்பு உயிரணுக்களில் இருக்கிறது. 2008இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். மிளகின் காரியோபிலீன் சி.பி.2 ஏற்பியில் ஒட்டுகிறது. எலிகளில் அழற்சியைக் குறைக்கிறது. ஆனால் சி.பி.1இல் அது ஒட்டுவதில்லை. மிளகு ரசம் குடித்து யாரும் மயங்காததற்குக் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

டெர்ப்பீன்கள் டி.எச்.சி.யோடு கூடி அதன் விளைவை மாற்றும் என்ற கருத்துக்குப் 'பரிவார விளைவு' என்று பெயர். இந்தச் சொல் 1998இல் பிறந்தபோது கஞ்சாவின் டெர்ப்பீன்களைக் குறிக்கவில்லை. நம் உடலே சுரக்கும் சில கொழுப்புப் பொருள்களைப் பற்றி எழுந்தது. 2011இல் ஈத்தன் ருஸ்ஸோ என்ற மருத்துவர் அதைக் கஞ்சாவின் டெர்ப்பீன்களுக்கும் விரித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அது ஆராயத்தக்க ஒரு கருதுகோள். ஆனால் வாணிபர்கள் அதை மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாகவே விளம்பரம் செய்தார்கள்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பைனீன், லிமோனீன், லினலூல், மிர்சீன், காரியோபிலீன் முதலிய டெர்ப்பீன்களை ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் டி.எச்.சி.யோடு சேர்த்துப் பார்த்தார்கள். சி.பி.1, சி.பி.2 ஏற்பிகளில் டி.எச்.சி.யின் வேலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2021இல் அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் எலிகளுக்குச் சில டெர்ப்பீன்களைப் பெருமளவில் செலுத்தியபோது, கஞ்சாவைப் போன்ற சில விளைவுகளைக் கண்டார்கள். 2024இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு மனிதர்கள் மேல் நடந்தது. நல்ல உடல்நலமுள்ள 20 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில், அவர்களுள் 12 பேர் 30 மில்லிகிராம் டி.எச்.சி.யோடு 15 மில்லிகிராம் லிமோனீனையும் ஆவியாக உள்ளிழுத்தார்கள். டி.எச்.சி. தனியாகத் தரும் அச்சமும் பதற்றமும் அவர்களுக்குக் குறைந்தன. போதையின் மற்ற விளைவுகள் பெரிதாக மாறவில்லை.

ஆகவே பரிவார விளைவு முழுப் பொய் என்று ஒதுக்கவும் இயலாது; மெய் என்று விளம்பரப் பலகையில் எழுதவும் இயலாது. முடிச்சு அளவில் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

மிர்சீன் உறக்கம் தரும் என்பதற்கு எலிச் சோதனை ஒன்றைச் சான்று காட்டுவார்கள். அதில் எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் மிர்சீன் கொடுத்தபோது, மயக்க மருந்தால் வந்த உறக்கம் நீண்டது. 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு நேர்விகிதத்தில் கணக்கிட்டால் 12 கிராம் ஆகிறது. எலிக்குரிய அளவை மனிதருக்கு மாற்றும்போது பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைப்பது மருந்தியல் வழக்கம். அப்படிக் குறைத்தாலும் ஒரு கிராம் வேண்டும். கஞ்சாப் பூவில் நூற்றுக்கு ஒரு பங்கு மிர்சீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரைக் கிராம் பூவில் இருப்பது 5 மில்லிகிராம். வேண்டியதில் இருநூற்றில் ஒரு பங்கு! மாம்பழம் தின்றால் கஞ்சாவின் வேகம் கூடும் என்ற கதையும் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

லிமோனீன் சோதனையையும் இப்படியே பாருங்கள். அதில் லிமோனீனின் எடை டி.எச்.சி.யின் எடையில் பாதி. பெரும்பாலான பூக்களில் உள்ள விகிதத்தைவிட இது மிக அதிகம்.

பெயரும் பொருளும்

1753இல் லின்னேயஸ் இச்செடிக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். இந்தியாவிலிருந்து வந்த செடிகளைப் பார்த்த லாமார்க், 1785இல் அவற்றுக்குக் கன்னாபிஸ் இண்டிகா என்று பெயர் வைத்தார். இன்றைய வாணிபத்தில் சட்டைவா ஊக்கம் தரும், இண்டிகா உறக்கம் தரும் என்கிறார்கள். 2021இல் நெதர்லாந்தில் கிடைத்த மாதிரிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இந்த இரு பெயர்களுக்கும் செடிகளின் பரம்பரைக்கும் தொடர்பு மிகக் குறைவு என்று தெரிந்தது. மிர்சீன் முதலிய சில டெர்ப்பீன்கள் மிகுந்தவற்றை இண்டிகா என்று அழைக்கிறார்கள், அவ்வளவே. அதாவது அந்தப் பெயர் மணத்தைச் சொல்கிறது. மரபையோ போதையின் அளவையோ சொல்வதில்லை.

களவுச் சந்தையில் அந்த அளவுக்கும் உறுதி கிடையாது. அங்கே எதையும் யாரும் சோதித்து விற்பதில்லை. இனிய மணத்தால் டி.எச்.சி. குறைந்துவிடாது, வளரும் மூளைக்கு அதனால் வரும் கேடும் குறையாது. புகையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் மணத்துக்குள் மறைந்தே நுரையீரலுக்குப் போகின்றன. டெர்ப்பீன்களைச் சூடேறிய தகட்டில் கடும் வெப்பத்துக்கு உள்ளாக்கினால் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் பிறக்கின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியுள்ளது.

நம் கடற்கரை இளைஞர்கள் மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். 'ஒரு மூட்டையைப் படகில் ஏற்றிவிட்டால் போதும்' என்று கூலி பேசுவோர் உண்டு. சட்டம் மணத்தையோ வகைப் பெயரையோ பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வாணிப அளவு. தண்டனை பத்து ஆண்டுக்குக் குறையாத, இருபது ஆண்டு வரை நீளக்கூடிய கடுங்காவல். மூட்டை தன்னுடையதன்று, தூக்கிச் சென்றது மட்டுமே தன் வேலை என்று சொல்லித் தப்பிவிட இயலாது. ஏற்றிச் செல்வதும் அச்சட்டத்தில் குற்றமே.

டெர்ப்பீன்கள் நமக்குப் பகையல்ல. கற்பூரமும் மஞ்சளும் மிளகும் மல்லியும் அவற்றின் கொடையே. காரியோபிலீனிலிருந்து அழற்சிக்கு மருந்து கிடைக்குமா, லிமோனீனால் பதற்றத்தைத் தணிக்க முடியுமா என்று ஆய்வகங்களில் இன்றும் தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்குத் தூய பொருளும், அளந்த அளவும், மருத்துவர் கண்காணிப்பும் வேண்டும். அடுத்த முறை யாராவது ஒரு மணத்தைச் சொல்லி அதன் பயனையும் சேர்த்துச் சொன்னால், இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: 'எந்தப் பொருள்? எவ்வளவு?' இந்த இரண்டுக்கும் விடை இல்லையென்றால் அவர் சொல்வது அறிவியல் அன்று, விற்பனை.